பத்தாவது தொகுதி

ஜூன் 9, திங்கள்

பெரியப்பா ஆஸ்பத்திரியில். கூட இருப்பவர்களைப் பத்து மணிக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடி நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்களாம். சாலையைத் தாண்டினால் சென்ட்ரல், அதை ஒட்டி அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகள். போகாமல் எப்படி உட்கார்ந்திருப்பது?

முன்வரிசை முழுக்க நீட் கைடும் இன்ஜினியரிங் கைடும். உள்ளே ஒரு கடையில் கயிறு போட்டுக் கட்டிய கட்டுக்குள் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் 3-ம் 7-ம் தொகுதிகள் இருந்தன. 7-ல் வண்ணப்படத் தாள்களை யாரோ பிளேடால் அறுத்து எடுத்திருக்கிறார்கள், பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்காக இருக்கும். பைண்டிங் மட்டும் அசையவில்லை. பெரியப்பா வீட்டில் ஒன்பதுவரைதான் இருக்கிறது. பத்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"பத்தா? அது ஒம்போதோட முடிஞ்சுபோச்சே மேடம்."

நான் வாதாடவில்லை.

ஜூன் 10

பெரியப்பாவின் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு, 6.1. அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

ஜூன் 11, புதன்

தூக்கம் வரவில்லை, வராண்டாவில் கொசு. எழுதிவிடுகிறேன்.

முதல் தொகுதி வந்தது 1954-ல். ஒன்பதாவது 1963-ல். அப்புறம் 5 வருஷம் கழித்து, 1968-ல், இணைப்பாக ஒரு பத்தாவது. வருஷத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த வீடுகளில் அதற்குள் அலமாரியின் அந்தத் தட்டு நிரம்பியிருக்கும், வாங்கியவருக்கு வேறு செலவுகள் வந்திருக்கும். நூலகங்கள் வாங்கியிருக்கும், வீடுகள் விட்டிருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் நடைபாதையில் 2, 4, 5 எல்லாம் கண்ணில் படுகிறது, பத்து படுவதேயில்லை.

பெரியசாமித் தூரனை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. கவிதை எழுதியவர், கீர்த்தனை எழுதியவர். அவரைப் பிடித்து முதன்மை ஆசிரியராக உட்கார வைத்திருக்கிறது தமிழ் வளர்ச்சிக் கழகம். அவரும் அசராமல் பத்தையும் முடித்திருக்கிறார். பத்தாவது வந்த அதே 1968-ல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் தொடங்கிவிட்டார். அது ஒரு 10 தொகுதி, 1976 வரைக்கும். பத்மபூஷணும் 1968-ல்தான். ஓய்வு என்று ஒன்று அந்த மனிதருக்கு இருந்ததா?

ஒன்பதோடு ஏன் நிறுத்தினீர்கள் என்று பெரியப்பாவிடம் எப்போதோ கேட்டிருக்கிறேன். "அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம்" என்றார். பெரியம்மா பக்கத்திலேயே இருந்தார். சிரிக்கவில்லை.

ஜூன் 13

5.8. குறைகிறது. சாயங்காலம் இட்லி கேட்டார்.

ஜூன் 14, சனி

பெரியம்மா ஹாலை ஒழிக்கச் சொல்கிறார். வீட்டுக்குக் கூட்டி வந்தால் தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டில் போடவேண்டும், அலமாரி இருக்கிற சுவர்தான் தோது. நியாயம்தான். பேப்பர்காரர் வந்து பார்த்துவிட்டுக் கிலோ 12 என்றாராம். தொகுதிக்கு ரெண்டு கிலோ என்று வைத்தாலும் ஒன்பதுக்கும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம்.

"அவர் எங்கே இனிமே தூக்கிப் படிக்கப்போறார்" என்றார் பெரியம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் தன் பங்குக்கு, "பத்தும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இருக்கு, போன்லயே படிக்கலாம்" என்றான். இருக்கிறது. நானும் பார்த்திருக்கிறேன். ஸ்கேன் செய்தவர்களுக்குப் புண்ணியம். ஆனால் ஒரு பத்தியைப் படிக்க நாலு தடவை விரலால் விரிக்க வேண்டும், ஒரு பக்கத்தைத் தேடிக்கொண்டு போய் வேறு பக்கத்தில் மாட்டிக்கொள்கிற சுகம் அதில் கிடையாது. சரி, உண்மையைச் சொன்னால் படிக்கவா தேடுகிறேன்?

கோட்டையூர் ரோஜா முத்தையா ஞாபகம் வருகிறது. வாழ்நாள் முழுக்கப் பழைய புத்தகம் சேர்த்தார், 1992-ல் போய்ச் சேர்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கியதால் அது இன்று தரமணியில் ஒரு நூலகம். எல்லார் வீட்டு வாசலுக்கும் சிகாகோ வருமா? கிலோ 12-தான் வரும்.

ஜூன் 15, ஞாயிறு

திருவல்லிக்கேணி, பைகிராப்ட்ஸ் ரோடு. பெயர் மாறிப் பாரதி சாலை ஆனாலும் புத்தகம் தேடுகிறவர்களுக்கு அது பைகிராப்ட்ஸ் ரோடுதான். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டேன்.

தார்ப்பாயில் ஒரு பழைய நிகண்டு, அந்தக் கால அகராதி மாதிரி. அட்டை போனது, காலிகோ பைண்டிங் துணி மட்டும் முதுகில் தொங்குகிறது. ராமபாணப் பூச்சி 40-ம் பக்கத்தில் நுழைந்து 112-ல் வெளியே வந்திருக்கிறது. நடுவில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதே இடத்தில், அரிசி பருமனுக்கு, சுத்தமான ஓட்டை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடுத்த கடையின் பச்சைக் குடை தெரிந்தது. வசம்பு வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

அந்தக் கால மாஸ்கோ பதிப்புகள் இரண்டு அழுக்குகூட ஏறாமல் இருந்தன. பொழுதுபோக்கு பௌதிகம் 60 ரூபாய்க்கு வாங்கினேன், பக்கத்துக் கட்டில்காரரின் பையனுக்கு.

பத்து இல்லை. போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16

வாட்ஸப்பில் ஒருவர்: "அரிய நூல்! கலைக்களஞ்சியம் 10. ரூ. 4,500." முதுகுப் பக்கப் படம் மட்டும். தலைப்புப் பக்கமும் உள்தையலும் அனுப்பச் சொன்னேன். "விற்றுவிட்டது சகோ."

ஜூன் 18

அதே படம், அதே மேசை விரிப்பு, இப்போது ரூ. 5,200.

நடைபாதைக்காரர் விலையை ஏற்றினால் எனக்குக் கோபமே வருவதில்லை. அவர் வெயிலில் நிற்கிறார், மழை வந்தால் தார்ப்பாயோடு ஓடுகிறார். இவர்கள் 'அரிய' என்று ஒரு சொல்லைத் தட்டிவிட்டு ஏசியில் காத்திருக்கிறார்கள்.

ஜூன் 20, வெள்ளி

6.4.

ஜூன் 21

காய்ச்சல் விட்ட பிறகு நிறையப் பேசினார். எல்லாம் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மூர் மார்க்கெட் சந்தை. கிராமபோன் தட்டுக் கடை, கிளிக் கூண்டுகள், பேரம் முடியும்வரை நிமிர்ந்தே பார்க்காத புத்தகக்காரர். "பத்தை அங்கே ஒரு தடவை கையில எடுத்தேன் பாப்பா. ரெண்டு ரூபா படியலை. அடுத்த வாரம் வரலாம்னு விட்டுட்டேன். அந்த வாரம்தான் எரிஞ்சது."

1985 மே. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் அந்த நடைமேடையில்தான் இறங்குகிறேன்.

அப்படியானால் கல்யாணக் கதை? கேட்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

திருவல்லிக்கேணியிலிருந்து போன். "மேடம், பத்து வந்திருக்கு!" ஓடினேன். பத்துதான். குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்து. அவர் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன். பெரியம்மாவுக்குத் தெரியாமல் கட்டைப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 27

5.2. வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்கிறார் டாக்டர்.

ஜூன் 29, ஞாயிறு

முத்திரை விஷயம். நடைபாதைக்கு வரும் நூலகப் புத்தகங்களில் வட்ட முத்திரை இருக்கும். அதோடு 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையும் இருந்தால் ஒழுங்காகக் கழித்துவிட்டது. இல்லையென்றால் யாரோ தூக்கிக்கொண்டு வந்தது. அந்த மாதிரிப் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. 1954-ல் வந்த சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு எல்லாப் புத்தகத்திலும் ஒரு பிரதி போக வேண்டும். அங்கே போய்க் கேட்டால் பார்க்கலாம், ஆனால் அது கன்னிமாராவின் பத்து. பெரியப்பாவுடையது ஆகாது.

ஜூலை 1

ஈரோட்டிலிருந்து ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார். தலைப்புப் பக்கம், 1968, தூரன் பெயர், எல்லாம் சரி. 1,800 ரூபாய். மூலையில் ஒரு வட்ட முத்திரை, பாதி தெரிகிறது. கடைசிப் பக்கத்தை அனுப்பவில்லை.

ஜூலை 2, புதன்

கடைசிப் பக்கத்தைக் கேட்கவில்லை. ஜிபேயில் பணம் போட்டுவிட்டேன். பஸ் பார்சலில் போடுவாராம்.

பெரியப்பாவின் கட்டிலைப் போட நாளை காலை பத்து மணிக்கு ஆள் வருகிறார். ஒன்பதையும் என் ரூமுக்கு மாற்றியாச்சு. பீரோவுக்கு மேலே, வேறு இடமில்லை. பத்து வந்தால் அதற்கு அங்கே உயரம் போதாது.