ஆயிரம் கெஜமும் நாற்பது வினாடியும்

இங்கிலாந்தில் வூஸ்டர் நகருக்கு வடமேற்கே, டீம் ஆற்றின் பள்ளத்தாக்கில், ஷெல்ஸ்லி வால்ஷ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு பழைய தேவாலயம், தண்ணீரால் ஓடிய ஒரு மாவு ஆலை, ஒரு பண்ணை, அவற்றுக்குப் பின்னால் மரங்களுக்கிடையே ஏறிப்போகும் குறுகிய தார்ச்சாலை, இவ்வளவுதான் அந்த ஊர். அந்தச் சாலையில் 1905ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி மிட்லண்ட் ஆட்டோமொபைல் கிளப் முதன்முறையாக, கார்கள் ஒவ்வொன்றாக நேரம் கணக்கிட்டு மேலேறும் மலையேற்றப் போட்டியை நடத்தியது. உலகப் போர்களின் காலத்தில் நின்றுபோனதைத் தவிர்த்தால், இன்றுவரை அதே சாலையில் போட்டி நடந்துவருகிறது. பாதையின் நீளம் 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் சாலை 100 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. நானும் என் மனைவியும் மூன்று ஆண்டுகளாக ஒரே காரைப் பகிர்ந்துகொண்டு அந்த மலையில் ஓட்டிவருகிறோம். சென்ற சனிக்கிழமை முதன்முறையாக 40 வினாடிக்குள் நான் உச்சியிலுள்ள முடிவுக் கோட்டைக் கடந்தேன். அந்த நேரம் எப்படிக் கைகூடியது என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்க விரும்புகிறேன்.

மலையேற்றப் போட்டி என்றதும் பல கிலோமீட்டர் நீளமுள்ள மலைப்பாதையும் வரிசையான கொண்டை ஊசி வளைவுகளும் நம் கண்முன் வரும். ஐரோப்பாவின் பிற நாடுகளில் அப்படிப்பட்ட நீண்ட போட்டிகள் உண்டு. பிரிட்டனில் அவை மிகக் குறுகியவை. யார்க்‌ஷயரில் ஒரு பண்ணையைச் சுற்றி அமைந்த ஹேர்வுட் பாதையே நீளமானவற்றில் ஒன்று, அதுவும் ஒன்றரைக் கிலோமீட்டரை எட்டுவதில்லை. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டு பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள காப் ஹில் என்ற பொதுச்சாலையில் நடந்த போட்டியில் பார்வையாளர் ஒருவர் மீது கார் மோதியதில் அவருடைய கால் முறிந்தது. அதன்பின் பொதுச்சாலைகளில் இத்தகைய போட்டிகளை நடத்த அனுமதி தருவது நிறுத்தப்பட்டது. தனியார் நிலத்துக்குள் இருந்ததால் ஷெல்ஸ்லி தப்பிப் பிழைத்தது. க்ளஸ்டர்ஷயரில் புகாட்டி உரிமையாளர் கிளப் வாங்கிய ப்ரெஸ்காட் போன்ற பாதைகள் பின்னர் வந்தவை. பெரிய மாளிகை ஒன்றின் வண்டிப்பாதை எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான் போட்டியின் நீளம்.

எங்கள் கார் மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர் எஞ்சின், சுமார் 140 குதிரைத்திறன். வாரநாட்களில் நான் அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் கார் அதுதான். சாலையில் ஓடத் தகுதியுள்ள, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்தைப் பெரிதும் மாற்றாத கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. எஞ்சின் அளவைப் பொறுத்து அது மேலும் பிரிக்கப்படும். காருக்குச் சாலை வரி கட்டியிருக்க வேண்டும், ஆண்டுச் சோதனையில் தேறியிருக்க வேண்டும், டயர்கள் சாலையில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட வகையாக இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு உரிமமும், தீயைத் தாங்கும் உடுப்பும், தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டும், கையுறையும் வேண்டும். பேட்டரியின் எர்த் வயரை மஞ்சள் நிறத்தால் அடையாளப்படுத்த வேண்டும். விபத்து நேர்ந்தால் உதவிக்கு வருபவர் எந்த வயரைப் பிடுங்க வேண்டும் என்று தேடக் கூடாது என்பதே அதன் நோக்கம். முன்புறத்தில், கறுப்பு வண்ணம் பூசிய ஒரு சிறிய தகட்டை நிமிர்த்திப் பொருத்த வேண்டும். நேரம் கணக்கிடும் ஒளிக்கற்றையை எல்லாக் கார்களும் ஒரே விதமாக வெட்டுவதற்கு அந்தத் தகடுதான் உதவுகிறது. எங்கள் காரில் நாங்கள் செய்த மாற்றங்கள் நல்ல டயர், நல்ல பிரேக் பேட், சக்கரங்களின் கோணச் சீரமைப்பு ஆகிய மூன்றோடு முடிந்துவிட்டன.

ஒரு நாளில் இரண்டு பயிற்சி ஓட்டங்கள், கணக்கில் சேரும் ஓட்டங்கள் இரண்டு. கணக்கில் சேர்பவற்றில் சிறந்த ஒன்றே முடிவாகிறது. காலை நாலரை மணிக்கு எழுந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் ஒரு நாளில், உண்மையாகப் போட்டியிடும் நேரம் மொத்தம் மூன்று நிமிடம்கூட இல்லை. இதைக் கேட்டவர்கள் பலர் இதற்கா இவ்வளவு சிரமம் என்று கேட்டிருக்கிறார்கள். என்னை இந்த விளையாட்டில் கட்டிப்போட்டதே அந்தச் சுருக்கம்தான். வட்டப்பாதைப் பந்தயத்தில் ஒரு சுற்றில் செய்த தவறை அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம், டயர் சூடேற நேரம் கிடைக்கும். மலையில் குளிர்ந்த டயரோடு புறப்பட்டு, ஒவ்வொரு வளைவையும் ஒரே ஒரு முறை சந்தித்துவிட்டு மேலே போய்விடுகிறோம். திருத்த நினைத்தால் அடுத்த ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

புறப்படும் இடத்தில் சாலை ஏற்கெனவே சரிவாகவே இருக்கிறது. கார் பின்னோக்கி உருளாமல் இருக்க, மார்ஷல் ஒருவர் நீண்ட கைப்பிடி கொண்ட மரக்கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் வைப்பார். அதன்மீது காரைச் சாய்த்து நிறுத்திவிட்டால் பிரேக்கை விட்டுவிடலாம். கறுப்புத் தகடு ஒளிக்கற்றைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும்படி காரை விரல் அளவில் நகர்த்தி வைப்பார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் உடனே பாய வேண்டியதில்லை. பாதை திறந்திருக்கிறது, தயாரானதும் போகலாம் என்பதே அதன் பொருள். தகடு ஒளிக்கற்றையை வெட்டும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே அங்கே எதிர்வினை வேகத்துக்கு இடமில்லை, ஓட்டுநர் மனம் அமைந்த பிறகே புறப்படுகிறார். நான் ஒரு முழு மூச்சை வெளியே விட்டபின் கிளட்ச்சை விடுவேன்.

எஞ்சினை நிமிடத்துக்கு 4500 சுற்றுக்கு மேல் வைத்துக் கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் வீணாகச் சுழல்கிறது. 3500க்குக் கீழே என்றால் கார் திணறுகிறது. முதல் 64 அடியைக் கடக்கும் நேரம் தனியாகப் பதிவாகும். முதல் ஆண்டில் எனக்கு அது 2.8 வினாடிக்கு மேல் ஆனது, இப்போது 2.6க்கு அருகில் வருகிறது. அதன்பின் இரண்டாவது கியர், மூன்றாவது கியர், மரநிழலுக்குள் கென்னல் வளைவு. வெளியே வெயில் காய்ந்தாலும் அந்த நிழலில் காலை ஈரம் வெகுநேரம் தங்கியிருக்கும். அடுத்து வரும் கிராசிங் வளைவில், கார் தாங்குமா என்று மனம் கேட்கும் இடத்தில், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது. பிறகு சாலை நிமிர்ந்து வானத்தை நோக்கி எழும்புவது போலத் தோன்றும். கார் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்போது எஸ்ஸஸ் எனப்படும் இரட்டை வளைவு எதிரே வந்துவிடும். முதலில் ஒரு பக்கம், உடனே மறு பக்கம். அதைத் தாண்டினால் உச்சிவரை நேர்ச்சாலை.

எங்களுக்கு 40 என்ற எண் ஏன் முக்கியமானது என்பதையும் சொல்ல வேண்டும். மலைகளின் அரசர் என்று ஐரோப்பா அழைத்த ஹான்ஸ் ஸ்டுக், 1930ஆம் ஆண்டு ஜூலையில் ஆஸ்ட்ரோ-டைம்லர் காரோடு ஷெல்ஸ்லிக்கு வந்து 42.8 வினாடியில் ஏறிப் பழைய சாதனையை உடைத்தார். 1935ஆம் ஆண்டு ரேமண்ட் மேஸ் என்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் தம் ஈஆர்ஏ பந்தயக் காரில் 39.6 வினாடியில் ஏறினார். போருக்குப்பின் 1947ஆம் ஆண்டு தொடங்கிய பிரிட்டிஷ் மலையேற்றச் சாம்பியன் பட்டத்தை முதல் இரண்டு ஆண்டுகளும் வென்றவர் அவரே. இன்று இதற்கென்றே செய்யப்பட்ட ஒற்றை இருக்கைக் கார்கள் 23 வினாடிக்குள் அந்த மலையை ஏறிவிடுகின்றன. அந்த உலகம் வேறு. ஆனால் என் முதல் போட்டி நாளில் எனக்குக் கிடைத்த நேரம் 42.55 வினாடி என்று ஒலிபெருக்கியில் கேட்டபோது, அருகில் நின்ற முதியவர் ஒருவர் அது ஏறக்குறைய ஸ்டுக்கின் நேரம் என்றார். டயரும் தார்ச்சாலையும் பிரேக்கும் மாறிவிட்டன, ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் அதே தொடக்கம், அதே வளைவுகள், அதே உச்சி. அன்று மாலையே, மேஸைப் போல 40 வினாடிக்குள் ஏறுவதை எங்கள் இலக்காக வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த இலக்கை நான் தவறான வழியில் துரத்தினேன். எஸ்ஸஸ் வளைவுக்கு முன் எவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடிக்கிறேனோ அவ்வளவு நேரம் மிச்சம் என்று நம்பினேன். ஈரமான ஒரு மே மாதக் காலையில், பிரேக்கை அழுத்தியபடியே வளைவுக்குள் திரும்பியபோது, எடை முழுவதும் முன்சக்கரங்களுக்குப் போய்ப் பின்சக்கரங்கள் பிடியிழந்தன. கார் முழுச் சுற்றுச் சுற்றிப் புல்மேட்டில் மோதி நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டுத் தலைநிமிர்வதற்குள் மூன்று மார்ஷல்கள் அருகில் இருந்தார்கள். ஒருவர் தீயணைப்பானோடு நின்றார், ஒருவர் என் கண்களைப் பார்த்து என் பெயரைக் கேட்டார், ஒருவர் சாலையில் சிதறிய மண்ணைப் பெருக்கத் தொடங்கிவிட்டார். கீழே அடுத்து நின்ற ஓட்டுநரைப் புறப்படவிடாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். இவர்கள் அனைவரும் ஊதியமின்றி, மழையிலும் குளிரிலும் நாள்முழுதும் சரிவில் நிற்கும் தன்னார்வலர்கள். அவர்கள் இல்லாமல் எங்கள் எவருக்கும் ஓர் ஓட்டம்கூடக் கிடையாது. பம்பரும் ஒரு விளக்கும் உடைந்ததோடு அன்று தப்பினேன்.

விடையைக் கண்டுபிடித்தவர் என் மனைவி. ஒரே கார், ஒரே டயர், ஒரே நாள், ஓட்டுபவர் மட்டும் வேறு என்பதால் எங்கள் இருவரின் ஓட்டங்களை ஒப்பிடுவது எளிது. அவர் புறப்படும் வேகத்தில் என்னைவிடக் குறைவு, எஸ்ஸஸ் வளைவுக்கு வந்துசேரும்போது மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் குறைவு, ஆனால் உச்சிக் கோட்டை என்னைவிட வேகமாகக் கடந்தார். சென்ற ஆகஸ்டில் அவர் 39.93 வினாடியில் ஏறியபோது என் சிறந்த நேரம் 40.42 ஆகவே இருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் கேமராப் பதிவுகள் இரண்டையும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தோம்.

“நீங்க பிரேக்கை விடவே இல்லைங்க,” என்றார். “வளைவுக்குள்ள போன பிறகும் மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க. நான் இங்கயே பிடிச்சு இங்கயே விட்டுட்டேன். எஞ்சின் சத்தத்தை மட்டும் கேளுங்க.”

திரையை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டேன். இரண்டாவது வளைவின் நடுவிலேயே அவருடைய எஞ்சின் முழு மூச்சில் இரைந்தது. என் ஓட்டத்தில் அந்த இரைச்சல் ஏறக்குறைய முக்கால் வினாடி கழித்தே கேட்டது. அந்த முக்கால் வினாடி மலையில் ஏன் இவ்வளவு விலை பெறுகிறது என்று பிறகு ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். ஓட்டுநரோடு சேர்த்து 1150 கிலோ எடையுள்ள காரை 40 வினாடிக்குள் 100 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே சராசரியாகச் சுமார் 40 குதிரைத்திறன் செலவாகிறது. எங்கள் எஞ்சினிடம் இருப்பதே 140தான், அதுவும் அதன் உச்சச் சுற்றில் மட்டும். காற்றையும் உராய்வையும் கழித்தபின் வேகத்தைக் கூட்ட மிஞ்சுவது கொஞ்சம். சமதளத்தில் வளைவின் வெளியேற்றத்தில் இழந்த வேகத்தை எஞ்சின் விரைவில் மீட்டுத் தரும். சரிவில் அந்த இழப்பு உச்சிக் கோடுவரை கூடவே வரும். இருநூறு குதிரைத்திறனுக்கு மேல் உள்ள காரை ஓட்டுபவருக்கு இது அவ்வளவு உறைக்காது. எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாமே அந்த இரண்டாவது வளைவின் முடிவில்தான் இருக்கிறது.

குளிர்காலம் முழுவதும் அதை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். சென்ற சனிக்கிழமை காலை, போட்டி தொடங்குமுன் வழக்கம்போல இருவரும் மலையில் நடந்து ஏறினோம். எஸ்ஸஸ் வளைவுக்கு முன் நான் பிரேக் பிடிக்கும் இடத்திலிருந்து பத்து மீட்டர் கீழே ஒரு வேலிக்கம்பத்தைக் குறித்துக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் காலே ஒத்துழைக்கவில்லை. கம்பம் கடந்துபோனது, பழைய இடத்திலேயே பிரேக் பிடித்தேன், 40.51. இரண்டாவது ஓட்டத்தில் என் மனைவி முதலில் போய்வந்ததால் டயர்களில் இன்னும் சற்றுச் சூடு இருந்தது. கம்பத்தில் பிரேக்கை அழுத்தினேன், விட்டேன், திரும்பினேன். உள்ளே கார் மெதுவாகப் போவது போலத் தோன்றியது, ஓட்டம் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் இரண்டாவது வளைவில் சாலை தெரிந்த கணத்தில் ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்த முடிந்தது, கார் நழுவாமல் பிடித்துக்கொண்டு மேலேறியது. உச்சியில் மற்றவர்களோடு வரிசையில் நின்றபோதுதான் நேரத்தைப் பார்த்தேன். 39.71.

பிரிவில் எங்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், முதலிடத்தில் வந்தவர் எங்களைவிட மூன்று வினாடி வேகமானவர். என் மனைவியின் அன்றைய நேரம் 39.74. அந்த 0.03 வினாடி, உச்சிக் கோட்டில் கார் செல்லும் வேகத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். கறுப்புத் தகட்டைக் கழற்றி, எண் ஸ்டிக்கர்களை உரித்து, டயர்களில் காற்றைச் சாலைக்குரிய அளவுக்கு நிரப்பிக்கொண்டு அதே காரில் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் ப்ரெஸ்காட் பற்றியே பேசினோம். அங்கே பார்டன் என்ற கொண்டை ஊசி வளைவில் முதல் கியருக்கு இறங்குவதா, இரண்டாவதிலேயே இழுப்பதா என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அடுத்த மாதம் அவர் ஒரு விதமாகவும் நான் மற்றொரு விதமாகவும் ஓட்டிப் பார்க்க முடிவு செய்திருக்கிறோம்.