பழைய நகை வித்த அனுபவம்: டச், கல் எடை, கழிவு

வீட்டு வேலை லிண்டல் மட்டத்துல நின்னு போச்சு, பேங்க் அடுத்த தவணை தர்றதுக்கு நாங்க ரூஃப் போட்டுக் காட்டணும், ரூஃப் போட கையில காசு இல்ல. அடகு வைக்கலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு, ஆனா ஏற்கெனவே ஒரு இஎம்ஐ ஓடுது, இதுல நகை வட்டியும் சேர்ந்தா தாங்காது. போடாத நகைதானே, வித்துருன்னு அம்மாவே எடுத்துக் கொடுத்தாங்க. கேடிஎம் முத்திரை போட்ட அஞ்சு பவுன் செயின், கெம்புக்கல் வச்ச ஜிமிக்கி கம்மல், அறுந்து போன குண்டுமணி மாலை, என் கல்யாணத்துக்கு வந்த ஒரு மோதிரம், அப்புறம் ஒரு பை நிறைய வெள்ளி. நெளி மோதிரத்தை மட்டும் தர மாட்டேன்னுட்டாங்க, சரி, அது அவங்க இஷ்டம்.

மதுரையில நகைன்னா தெற்காவணி மூல வீதிதான். முதல்ல ஏறுன கடையில செயினை வாங்கி உரைகல்லுல ஒரு இழு இழுத்து, மேல ஒரு சொட்டு திராவகம் விட்டுப் பார்த்துட்டு "கேடிஎம் நகைக்கா, 80 டச்தான் நிக்கும்"னு சொல்லிட்டாரு. மொத்தம் அஞ்சு நிமிஷம்கூட ஆகல. டச்னா நூறுல எத்தனை பங்கு சொக்கத் தங்கம்ங்கிற கணக்கு, 22 காரட்னா 91.6, அதைத்தான் 916ங்கிறோம். உரைகல்லை நான் குறை சொல்ல மாட்டேன், பழகுன கண்ணு கிட்டத்தட்ட சரியாவே சொல்லும், ஆனா அந்தக் கண்ணு வாங்குறவரோட கண்ணா இருக்கே, அதுதான் பிரச்சனை. 40 கிராம் செயின்ல 80 டச்னா 32 கிராம் சொக்கம், 87னா 34.8 கிராம். ஒருத்தர் வாய்ல வர்ற நம்பர்ல கிட்டத்தட்ட மூணு கிராம் போகுது பாருங்க.

அதனால "யோசிச்சுட்டு வர்றேண்ணே"னு சொல்லிட்டு நேரா ஹால்மார்க் சென்டருக்குப் போனோம். நிறைய பேருக்கு இது தெரியாது, பிஐஎஸ், அதாவது மத்திய அரசோட தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, அங்கீகாரம் உள்ள ஹால்மார்க் சென்டர்ல கடைக்காரங்க மட்டும் இல்ல, நம்மளும் நகையைக் கொடுத்து டெஸ்ட் பண்ணிக்கலாம், நாலு உருப்படி வரைக்கும் 200 ரூபாய், அதுக்கு மேல போனா உருப்படிக்கு 45 ரூபாய், கூட ஜிஎஸ்டி. கவுண்டர்ல இருந்த தம்பி "கடையிலருந்து வர்றீங்களா"ன்னு ஒரு மாதிரி பார்த்தாரு, இல்ல எங்க சொந்த நகைன்னதும் ஃபார்ம் கொடுத்துட்டாரு.

அங்க எக்ஸ்ஆர்எஃப் மெஷின், கடைகள்ல கேரட் மீட்டர்னு சொல்றாங்களே அதுதான். நகையை உள்ள வச்சு மூடுனா கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன்ல தங்கம் இவ்வளவு, வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவுன்னு வரிசையா வருது. செயினோட வளையத்துல வச்சப்போ 89 சொச்சம் காட்டுச்சு, பத்து வச்ச இடத்துல, அதாவது துண்டுகளை ஒட்டுன இடத்துல, வச்சா குறைஞ்சு, கூடவே காட்மியம்னு ஒரு வரி வந்துச்சு. கேடிஎம்ங்கிறது அந்தக் காட்மியம் கலந்து பத்த வச்சதுக்கான பேருதான், சுத்தத்துக்கு அது எந்த கேரண்டியும் கிடையாது. எங்க அம்மா முப்பது வருஷமா கேடிஎம்னா ஒசத்தின்னு நினைச்சிட்டு இருந்தாங்க. இன்னொன்னு, இந்த மெஷின் நகையோட மேல் தோலைத்தான் படிக்கும், உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது, அந்தத் தம்பியே அதைத் தெளிவா சொன்னாரு. உருக்கிப் பார்த்தா ரெண்டு மூணு டச் இறங்கலாம், மனசுல வச்சுக்கங்கன்னாரு.

மோதிரத்துக்கு இந்தக் கஷ்டமே இல்ல. உள்பக்கம் ஆறு எழுத்துல ஹெச்யூஐடி நம்பர், அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியா போடுற அடையாள எண், இருந்துச்சு, பிஐஎஸ் கேர் ஆப்ல அடிச்சா எந்தக் கடை, எந்த சென்டர், எத்தனை காரட், என்ன உருப்படின்னு எல்லாம் வருது. 2023 ஏப்ரல் 1லருந்து இந்த நம்பர் இல்லாம கடைகள் ஹால்மார்க் நகை விக்கக் கூடாது. அது கடைக்கான சட்டம், நம்ம வச்சிருக்கிற பழைய நகையை ஹால்மார்க் இல்லாமலே தாராளமா விக்கலாம். "ஹால்மார்க் இல்லாத நகை இனி செல்லாதுக்கா, அதான் ரேட் கம்மி"ன்னு ஒரு கடையில சொன்னாங்க, சும்மா பயமுறுத்துறது.

ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு திரும்பக் கடை கடையா ஏறுனப்போ பேச்சே மாறிடுச்சு. நான் எல்லா இடத்துலயும் மூணே கேள்விதான் கேட்டேன், நிகர எடை எவ்வளவு வைப்பீங்க, டச் எவ்வளவு, எந்த ரேட். இதை மூணையும் சேர்த்து ஒரே தொகையா சொல்ற கடையில உக்காரவே இல்ல. ஏன்னா டச்சுல நல்ல மனுஷனா இருக்கிறவர் ரேட்டுல கழிப்பாரு, ரேட்டுல தாராளமா இருக்கிறவர் எடையில கழிப்பாரு. போர்டு ரேட்டே, அதாவது கடையில எழுதிப் போட்டிருக்கிற அன்னைக்கு ரேட்டே, தர்றேன்னு சொன்ன ஒரு கடையில ஜிமிக்கிக்கு "கல்லு அழுக்கு எல்லாம் போக" பாதி எடைதான் போட்டாங்க. எக்ஸ்சேஞ்ச்னா கழிவே இல்லன்னு இன்னொரு கடையில இழுத்தாங்க, ஆனா புது நகைக்கு சேதாரம், செய்கூலி, 3 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் நம்ம தலையிலதானே, அப்புறம் எங்க கழிவு இல்லாம போச்சு. எங்களுக்கு வேண்டியதும் காசு, நகை இல்ல.

கடைசியா ஒரு நடுத்தரக் கடையில படிஞ்சது. அன்னைக்குப் போர்டு ரேட்ல 2 சதவீதம் கழிவு, கல்லை எங்க முன்னாடியே கழட்டி எடை போடணும், செயினை உருக்கி வர்ற டச்சுக்குக் கணக்கு. உருக்குறதுக்கு முன்னாடியே ரேட்டையும் கழிவையும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வாங்கிட்டேன், உருக்குன பிறகு கையில இருக்கிறது வெறும் கட்டி, அதைத் தூக்கிட்டு இன்னொரு கடைக்குப் போனா பத்து கேள்வி கேப்பாங்க, பேரம் பேசுற தெம்பே போயிரும்.

ஜிமிக்கியிலருந்து கல்லை எடுக்கிறதைப் பார்த்துட்டே இருந்தோம். ஆசாரி சின்ன ஊசி மாதிரி ஒரு கருவியால விளிம்பை நெம்ப, கெம்பு ஒண்ணொண்ணா தட்டுல விழுந்துச்சு, அடியில இருந்த அரக்கு கறுப்பா உருண்டையா வந்துச்சு. 9.850 கிராம் இருந்தது 7.120க்கு வந்துருச்சு. வயிறு எரிஞ்சது உண்மைதான், ஆனா முன்னாடி சொன்ன பாதி எடைக்கு இது எவ்வளவோ தேவலை. குண்டுமணியும் அப்படித்தான், உள்ள பூரா அரக்கு. கல்லை எல்லாம் கேட்டு வாங்கிட்டோம், கேக்கலன்னா தர மாட்டாங்க.

செயினை உருக்க பக்கத்து சந்துல மராட்டிக்காரர் உருக்குக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நம்ம ஊர்ல இந்த வேலை பாதிக்கு மேல அவங்க கையிலதான், சாங்லி பக்கத்துலருந்து வந்து தலைமுறையா இருக்காங்க, அவர் பேசுற மதுரைத் தமிழைக் கேட்டா யாரும் வெளியூர்னு சொல்ல முடியாது. குகையில, அதாவது உருக்குற மண் கிண்ணத்துல, செயினைப் போட்டு, மேல கொஞ்சம் வெங்காரத்தைத் தூவி, கேஸ் தீயை நேரா அடிச்சாரு. செயின் முதல்ல செவந்து, அப்படியே சுருண்டு, சட்டுன்னு ஒரே சொட்டா ஓடிச்சு. அம்மா அந்தப் பக்கமே திரும்பல. 40.120 இருந்தது 39.910 ஆச்சு, போனது அழுக்கும் வெந்து போற சமாச்சாரமும். கட்டியை மெஷின்ல வச்சா 87. ஆக 34.72 கிராம் சொக்கம், 22 காரட் கணக்குல 37.9 கிராம். தராசு மேல கண்ணாடி மூடியைப் போட்டு, ஃபேனை ஆஃப் பண்ணித்தான் எடை போடச் சொன்னேன், அவங்களும் முகம் சுளிக்கல.

வெள்ளிதான் ஏமாற்றம். பழைய கொலுசு 180 கிராம், சலங்கைக்கும் கண்ணிக்கும் வச்ச பத்து நிறைய, 65 டச்சுக்கு மேல யாரும் வரல. கறுத்துப் போச்சுன்னு தனியா கழிக்கப் பார்த்தாங்க, அது மேல படிஞ்ச கந்தகக் கறை, வெள்ளி எங்கயும் போயிடலைண்ணேன்னு சொன்னதும் விட்டுட்டாங்க. கல்யாணத்துக்கு வந்த சந்தனக் கிண்ணம் ஜெர்மன் சில்வராம், அதுல பேருக்குக்கூட வெள்ளி கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். வச்சுக் கொடுத்த சொந்தக்காரங்க பேரை அம்மா இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.

பணம் விஷயம். ஆதார், பான் ரெண்டும் கேட்டாங்க, பில் இல்லாததால இது எங்க சொந்த நகைன்னு எழுதிக் கையெழுத்து. ரொக்கமா பத்தாயிரம்தான், அதுக்கு மேல கொடுத்தா அவங்க வரிக் கணக்குல செலவா காட்ட முடியாது, மீதி நெஃப்ட்ல சாயங்காலம் ஏறுச்சு. நம்ம சொந்த நகையை விக்கிறதுக்கு நம்மகிட்ட ஜிஎஸ்டி பிடிக்க மாட்டாங்க. ஆனா வருமான வரி உண்டு, ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்த நகைன்னா லாபத்துக்கு 12.5 சதவீதம், 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்குனதுன்னா 2001 ஏப்ரல் 1ல இருந்த மதிப்பை வாங்குன விலையா எடுத்துக்கலாம்னு ஆடிட்டர் சொன்னாரு. அதுக்குத்தான் கடையில கொடுத்த பர்ச்சேஸ் வவுச்சரையும் ஹால்மார்க் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன். ரூஃப் கம்பிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு.