கோதுமைத் துருவும் கடலூர்க் கரும்பும்

ரேஷன் கடையில் வாங்குவதோடு கோதுமையுடன் உறவு முடிந்துவிடும் கடலூரில், இலையிலும் தண்டிலும் துருப்போன்ற புள்ளிகளை உண்டாக்கும் அதன் பூஞ்சை நோயான துருநோயைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் சமவெளியின் கோடையில் மடிந்துவிடும் கருந்துருப் பூஞ்சை நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் பிழைத்திருந்து, காற்றில் ஏறி நடு இந்திய வயல்களை அடைகிறது என்பதைப் பயிர்நோய் அறிஞர் கே.சி. மேத்தாவின் நெடிய ஆய்வு காட்டியது. எனவே நோயின் ஊற்றுகளுள் ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

துருவை எதிர்க்கும் பண்பு மெண்டலின் விதிப்படி மரபுவழி இறங்குகிறது என்பதை 1905இல் இங்கிலாந்தின் தாவரவியல் அறிஞர் ரோலண்ட் பிஃபென் மஞ்சள் துருவைக் கொண்டு காட்டினார். அந்தப் பண்பு எந்தக் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று தேடுவதே மரபணு வரைபடமாக்கம். எதிர்ப்புள்ள செடியையும் எளிதில் நோய்ப்படும் செடியையும் கலந்து, சந்ததிகளைப் பல தலைமுறைகள் தன் மகரந்தச் சேர்க்கையில் வளர்த்தால், பெற்றோரின் குரோமோசோம் துண்டுகள் வெவ்வேறாகச் சேர்ந்த பண்பு மாறாத செடி வரிசைகள் கிடைக்கும். அவற்றின் மீது பூஞ்சை வித்துகளைத் தெளித்து, இலையில் துரு மூடிய பரப்பை விழுக்காடாகக் குறித்து, குரோமோசோமில் ஓர் இடத்தை அடையாளம் காட்டும் எந்த டி.என்.ஏ. குறிப்பான் உள்ள வரிசைகளில் நோய் தொடர்ந்து குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். மூன்று மூதாதை மரபுத்தொகுதிகளும் 42 குரோமோசோம்களும் கொண்ட கோதுமையில் ஒரே மரபணுவை ஒத்த மூன்று படிகள் இருப்பதால், இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

இவ்வாறு கிடைத்தவற்றுள் என்னை மிகவும் கவர்வது எல்ஆர்34 என்னும் எதிர்ப்பு மரபணு. 7டி குரோமோசோமில் உள்ள இது 2009இல் பிரித்தெடுக்கப்பட்டபோது, பொருள்களைச் சவ்வின் வழியே கடத்தும் புரதத்தைக் குறிக்கும் மரபணு எனத் தெரிந்தது. எதிர்ப்புள்ள வடிவத்துக்கும் இல்லாத வடிவத்துக்கும் புரதத்தில் இரண்டே அமினோ அமில வேறுபாடுகள்தான். வளர்ந்த செடியில் இது துருவை முற்றிலும் தடுப்பதில்லை, மந்தமாக்குகிறது. இலை நுனி காய்வதே அதன் அடையாளம். பழுப்பு, மஞ்சள், கருந்துரு மட்டுமன்றி சாம்பல் நோயையும் அது கட்டுப்படுத்துகிறது. இதற்கு மாறாக, கோதுமைக்கு உறவான ரை என்னும் தானியத்திலிருந்து வந்த எஸ்ஆர்31 மரபணு கருந்துருவை உறுதியாகத் தடுத்தது. 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட, கருந்துருப் பூஞ்சையின் யுஜி99 இனம் அதைத் தாண்டிவிட்டது. முழுத் தடையை மட்டுமே வெற்றியாகக் கருதுவது தவறு என்பதே என் எண்ணம்.

கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க. 671 என்னும் இரகம் சர்க்கரைச் சத்தில் சிறந்தது, ஆனால் கழியின் உட்புறம் சிவந்து அழுகும் பூஞ்சை நோயான செவ்வழுகலுக்கு எளிதில் இரையானது. அந்த நோய்க்கும் இதே வரைபடத்தை எளிதில் வரைய இயலாது. கரும்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் உண்டு, அவற்றின் எண்ணிக்கையும் இரகத்துக்கு இரகம் மாறுகிறது. கரணை என்னும் தண்டுத் துண்டால் பெருக்கப்படும் பயிர் என்பதால் நோயும் கரணையோடு அடுத்த நடவுக்குப் போகிறது. நோயை அளப்பதும் எளிதன்று: நிற்கும் கரும்பின் கணுவிடையில் துளையிட்டு வித்துக்கரைசலை ஊற்றி, ஏறத்தாழ 60 நாள்கள் காத்திருந்து, பிறகு கழியை நெடுக்காகப் பிளந்து, சிவப்பு எத்தனை கணுக்களைக் கடந்தது என்று பார்க்கவேண்டும்.