அடி விழ முந்தித் தோள் சொல்லும்

நம் கல்லூரிப் பழைய மாணவர்களில் அனிமேஷன் துறைக்கு வந்தவர்கள் குறைவு என்பதால், வேலை எப்படியென்று ஒன்றுகூடல்களில் பலரும் விசாரிப்பீர்கள். திரையில் ஒரு வினாடி ஓட 24 பிரேம் (அசையாத தனிச் சட்டகம்) வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவதால் 12 படங்கள் போதும். அதையும் இப்போது ஒவ்வொன்றாகக் கீறுவது குறைந்துவிட்டது. உருவத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பொம்மலாட்டப் பொம்மைபோல் மூட்டுகளில் இணைத்து (இதைத்தான் ரிக் என்போம்), ஹார்மனி மென்பொருளில் அசைப்போம். கைக்கென்று முன்கூட்டியே கீறிவைத்த சில நிலைகள் இருக்கும்; பொருந்துவதை எடுத்துப் போடுவோம். வாராவாரம் காட்சிகளை ஒப்படைக்க வேறு வழியில்லை. ஆனால் மாதக்கணக்கில் இதையே செய்தால் கீறுகிற கை மரத்துப்போகும்.

அதற்காகத்தான், வாசிக்கிறவர்களைப் பார்த்துக் கீற, ரோய் தொம்சன் மண்டபத்துக்குப் போகிறேன். ரொறன்ரோ சிம்பொனி இசைக்குழு 1982 முதல் வாசிக்கிற இடம். மேடைக்குப் பின்னால் பாடகர் குழுவுக்கென்று இருக்கை வரிசைகள் உண்டு. பாடகர்கள் தேவைப்படாத கச்சேரிகளில் அவற்றுக்கும் டிக்கெட் கொடுப்பார்கள். சபையில் மற்றவர்களுக்கு இசைக்குழு நடத்துநரின் முதுகுதான் தெரியும். அங்கே இருந்தால் முகம் தெரியும். டிம்பனி என்ற பெரிய அண்டா வடிவ முரசை வாசிக்கிறவர் கிட்டத்தில் இருப்பார். மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே தோலின்மேல் காதை வைத்து, விரலால் மெல்லத் தட்டிச் சுருதி சேர்ப்பார். எனக்கு அலுக்காத காட்சி அது.

டப்லெட்டின் வெளிச்சம் பக்கத்திலிருப்பவரை உறுத்தும். ஆகவே சின்னக் கொப்பியும் 6பி பென்சிலும்தான். கடினமான பென்சில் என்றால் தாளில் சுரண்டுகிற சத்தம் கேட்கும். தாள் திருப்புவதைக்கூட முழுக் குழுவும் முழங்குகிற இடத்துக்கு வைத்துக்கொள்வேன்.

அங்கே நான் தேடுவது வாசிப்புக்கு முந்தின கணத்தை. நடத்துநரின் கோல் மேலே எழும்போது ஐம்பது அறுபது பேரின் நெஞ்சு ஒன்றாக நிமிரும். புல்லாங்குழல்காரர் மட்டுமா, மூச்சே தேவைப்படாத செல்லோக்காரரும் மூச்செடுப்பார். சத்தம் அதற்குப் பிறகுதான். அனிமேஷனில் இது அடிப்படைப் பாடம்: பாயப்போகிறவன் முதலில் பின்னுக்குப் பதுங்க வேண்டும், இல்லாவிட்டால் பாய்ச்சல் கண்ணுக்குப் பிடிபடாது.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் தந்தவர் நமது கல்லூரிச் சித்திர மாஸ்டர். அனிமேஷன் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. திருவிழாவில் மேளக் கச்சேரி என்றால் எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் முன்னால் இருத்திவிடுவார். தவில் மேதை தட்சணாமூர்த்தியை நேரில் கேட்டு வளர்ந்த தலைமுறை அவர். 1975இல் மறைந்த அந்தக் கலைஞரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாடம் நின்றுவிடும். வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி, இரண்டும் போகிற வேகத்தில் நாங்கள் என்னத்தைக் கீறுவது? "கையைப் பாராதை தம்பி, தோளைப் பார். அடி விழ முந்தித் தோள் சொல்லும்" என்பார். அப்புறம் தானே ஒரு கோட்டில் அந்தத் தோளைக் கீறிக் காட்டுவார்.

ஸ்ரூடியோ வேலையையும் இதையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: பருவத் தொடக்கத்திலேயே டிக்கெட் எடுத்து, அந்த மாலைகளை வேலைக் கலண்டரில் அடைத்துவிடுவேன். தொடர் ஒன்று முடிகிற வாரங்களில் அதுவும் சரிவராது. டிக்கெட்டை நண்பருக்குக் கொடுத்துவிடுவேன்.

போகிற மாலைகள் வேலைக்குள்ளும் வந்து சேர்கின்றன. ஒரு தொடரில் கோபக்காரக் கிழவர் கதவைத் தட்ட வேண்டும். ரிக்கில் இருந்த கைகள் எதுவும் தட்டுவதாகத் தெரியவில்லை, கதவைத் தொடுவதாகவே தெரிந்தது. கொப்பியில் டிம்பனிக்காரரின் பக்கங்களைத் திறந்தேன். தட்டுக்கு முன் முழங்கை வெளியே விரிகிறது, தோள் ஏறுகிறது, தட்டியதும் கோல் உடனே மேலே துள்ளுகிறது. ரிக்கை ஒதுக்கிவிட்டு அந்தக் கையைப் புதிதாகக் கீறினேன். தட்டுகிற பிரேமைவிட அதற்கு முந்தின பிரேம்களுக்குத்தான் நேரம் எடுத்தது. இயக்குநர் ஒரு திருத்தமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டார்.

கல்லூரியில் இப்போது சித்திரம் படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பூச்சாடியும் பழமும் கீறட்டும், சோதனைக்கு அது வேண்டும். வருடத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளை வாசிக்கிறவர்களுக்கு முன்னால் இருத்துங்கள். கொப்பியும் பென்சிலும் அனுப்புகிற செலவு என்னுடையது. எத்தனை பிள்ளைகள் என்று பழைய மாணவர் சங்கத்துக்கு எழுதினால் போதும்.