ரெண்டு முட்டை சேர்ந்தா ஏன் எலிக்குட்டி வராது?

ரெண்டு செட் குரோமோசோம் இருந்தா போதும், கரு வளர்ந்துடும்னுதானே தோணும்? 1984ல கேம்பிரிட்ஜ்ல அஸிம் சுரானி டீமும், அமெரிக்காவுல மெக்ராத், சோல்ட்டரும் தனித்தனியா எலியில பார்த்தாங்க. கருவுற்ற முட்டைக்குள்ள இருந்து அப்பாவோட நியூக்ளியஸை எடுத்துட்டு இன்னொரு அம்மா நியூக்ளியஸை வெச்சாங்க, வேற முட்டையில அதையே தலைகீழா. கணக்குப்படி எல்லாம் கரெக்ட், ஆனா ஒரு குட்டிகூட பிறக்கல.

எப்படி சாகுதுங்கறதுலதான் விஷயமே இருக்கு. ரெண்டும் அம்மா பங்குன்னா கரு ஓரளவு உருவாகுது, நஞ்சுக்கொடிக்குப் போற செல்லுங்கதான் சோப்ளாங்கி. ரெண்டும் அப்பா பங்குன்னா ட்ரோஃபோபிளாஸ்ட், அதாவது நஞ்சுக்கொடியா மாறப்போற அந்த செல்லுங்க நல்லா வளருது, கரு தேறவே மாட்டேங்குது. மனுஷங்கள்ல வர்ற முத்துப்பிள்ளை கர்ப்பமும் இந்த ரகம்தான், முழு வகையில நியூக்ளியஸ் டிஎன்ஏ மொத்தமும் அப்பாவோடது, கரு இருக்காது.

இதைவிட எனக்குப் பிடிச்சது கலப்பு எலிங்க. சாதாரணக் கருவோட, அம்மா ஜீன் மட்டும் இருக்கற செல்லையும் கலந்து வளர விட்டா, அந்த செல்லுங்க மூளையோட மேலடுக்கான கார்டெக்ஸ்ல தாக்குப்பிடிக்குது, தசையில இருந்து காணாமப் போயிடுது, அப்பா ஜீன் மட்டும் இருக்கற செல்லுங்களோ தசைப் பக்கமும் மூளையோட அடியில இருக்கற ஹைப்போதலாமஸ் பக்கமும் சேருது. ஒரே உடம்பு, ஒரே சூழல், யார்கிட்ட இருந்து வந்த ஜீன் காப்பிங்கறதே செல் எங்க நிக்கும்னு சாய்க்குதுன்னா பாருங்க!

காரணம், விந்தணுவும் முட்டையும் உருவாகும்போதே சில ஜீன் பக்கத்துல ஒட்டற மெத்தில்ங்கற சின்ன வேதி அடையாளம், இதைத்தான் ஜீனோமிக் இம்ப்ரின்டிங்னு சொல்றாங்க. டிஎன்ஏ எழுத்து மாறாது, எந்தக் காப்பி பேசணும்னு மட்டும் முடிவாகும். கருவை வளர வைக்கற ஐஜிஎஃப்2 ஜீன்ல அப்பா காப்பி வேலை செய்யும், அதுக்குப் பக்கத்துல இருக்கற எச்19 ஜீன்ல அம்மா காப்பி. ஏஎஸ்சிஎல்2ன்னு ஒண்ணு, அம்மா காப்பி கெட்டா எலி நஞ்சுக்கொடியில ஒரு செல் அடுக்கே உருவாகாம கரு செத்துடும், அப்பா காப்பி முழுசா நல்லா இருந்தும் வாயை மூடிட்டே இருக்கும்.

அப்பா ஜீன் குழந்தைக்கு நிறைய உறிஞ்சப் பார்க்கும், அம்மா ஜீன் கட்டுப்படுத்தும்னு பரிணாம உயிரியலாளர் டேவிட் ஹெய்க் சொன்ன விளக்கம் ஐஜிஎஃப்2க்கு கச்சிதம், எல்லா ஜீனுக்கும் அவ்வளவு ஒட்டலைன்னு எனக்கு ஒரு எண்ணம்.

2004ல ஜப்பான்ல கோனோ டீம், முதிராத முட்டையில எச்19 பகுதியை நீக்கி அப்பா காப்பி மாதிரி நடந்துக்க வெச்சு, அதை இன்னொரு முட்டையோட சேர்த்து, ரெண்டு அம்மாவோட ‘ககுயா’ன்னு ஒரு எலியைப் பிறக்க வெச்சாங்க, அது வளர்ந்து குட்டியும் போட்டுச்சு.

இந்த அடையாளம் நிரந்தரம் இல்லங்கறதையும் சொல்லணும். கருவுல இனப்பெருக்க செல்லுங்க உருவாகும்போது மொத்தமா அழிச்சிட்டு, ஆணா பெண்ணாங்கறதுக்கு ஏத்த மாதிரி புதுசா போடும், அதனால ஒரு ஆம்பளைக்கு அவன் அம்மாகிட்ட இருந்து வந்த காப்பிகூட அவனோட விந்தணுவுல அப்பா அடையாளத்தோடதான் போகும்.