பூபாளம் முடிவதற்குள்

முதல் தடவை இலங்கையில் திருகோணமலைக் கடலோரத்துச் சிவன் கோயிலான திருக்கோணேஸ்வரம் போனபோது நாங்கள் 42 பேர். பகல் பதினொன்றரைக்கு பஸ் நின்றது. "நாப்பது நிமிஷம், அதுக்குள்ள எல்லாரும் வண்டியில இருக்கணும்" என்றார் அழைத்துப் போனவர். செருப்பை விடவும் கழிப்பறை வரிசையில் நிற்கவும் பாதி நேரம் போயிற்று. சன்னதியில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவரின் ஊதாத் தொப்பி மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து என் சிநேகிதி சொன்னாள்: "நாம இன்னும் அங்க போகலடி."

அவள் குறை என்னவென்று எனக்குத் தெரியும். பையில் தேவாரப் புத்தகம் இருந்தும் அவள் அதை வெளியே எடுக்கவில்லை. ஞானசம்பந்தர் கோணமலைக்கு, அதாவது இந்தக் கோயிலுக்கு, பாடிய 'நிரைகழல் அரவம்' பதிகம் புறநீர்மை என்ற பழைய தமிழ்ப் பண். ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவார்கள், விடியற்கால ராகம். உச்சி வெயிலில் அதை எடுப்பாளா அவள்? சம்பந்தர் கடல் தாண்டவே இல்லை, இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்கிறது பெரியபுராணம். "அவர் அங்கேருந்து பாடினார். நாம இங்கேருந்து போய்ப் பாடுவோம், விடியக்காலையில." இதற்காக நாற்பது பேரை நாலு மணிக்கு எழுப்ப முடியாது. ஒருத்தியை எழுப்பலாம். அந்த ஒருத்தி நான்.

இரண்டு பேர் மட்டும் வெளிநாடு போவது, அதுவும் ஐம்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், வீட்டில் யாருக்கும் ரசிக்கவில்லை. குழுவில் போனால் ஒருவரிடம் மாத்திரை இருக்கும், ஒருவருக்கு வழி தெரியும், ஒருவர் எல்லாரையும் எண்ணிக்கொண்டே இருப்பார். இரண்டே பேர் என்றால் அத்தனை வேலையும் இரண்டு தலையில். அவள் பாஸ்போர்ட் நகல் என் பையில், என்னுடையது அவள் பையில். பணத்தையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம். ஏறினோம், பேசி முடிப்பதற்குள் இறங்கியும் விட்டோம்.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஒரு முழுநாள் இருந்தோம். அங்கே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய்தான். பூசை மணிக்குச் சரியாக நடக்கும். பெரிய மனிதர் வருகிறார் என்று யாருக்காகவும் தள்ளிப்போடுவதில்லை. ஆண்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு வெற்று மார்போடு நிற்கிறார்கள். ஒரு பூசை முடிந்து வாசல் மணலில் உட்கார்ந்தோம், அடுத்த பூசைக்கும் போனோம். எழுந்திரு என்று சொல்ல ஆள் இல்லாதது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் மன்னார்ப் பக்கம் திருக்கேதீஸ்வரம். சுந்தரர் 'பாலாவியின் கரைமேல்' என்று பாடிய அதே பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்தோம்.

சண்டை வந்தது வவுனியாவில். திருகோணமலைக்கு அங்கே பஸ் மாற வேண்டும். எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு ராத்திரி தங்கிப் போகலாம் என்றேன். இன்றைக்கே போனால்தான் நாளை விடியலுக்குக் கோயில் என்றாள் அவள். "உனக்கு ராகம்தான் முக்கியம், என் கால் முக்கியம் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, அடுத்த பஸ்ஸில் ஏறினாள். நானும் ஏறினேன். வேறென்ன செய்ய? கூட்டத்தோடு வந்தால் கோபம் வந்ததும் வேறு ஒருவர் பக்கத்தில் போய் உட்காரலாம். இங்கே இருக்கிற ஒரே துணையிடம்தான் கோபமும். இரண்டு பேருக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு திருகோணமலை வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் வந்தோம். ராத்திரி அறையில் வெந்நீர் ஒத்தடத்துக்குத் துண்டை நனைத்துப் பிழிந்து என் காலில் போட்டாள். அப்போதும் பேசவில்லை.

காலையில் ஓட்டோ பிடித்து, விடியும் நேரத்துக்குக் கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கோயிலுக்கு பிரட்றிக் கோட்டைக்குள்தான் வழி. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே இங்கே கோட்டை எழுப்பினார்கள். நடக்கிறபோது சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இதில் எந்தக் கல் மண்டபத்தில் இருந்ததோ! பழைய செப்புத் திருமேனிகள் சில 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் மலையடிக் கடலில் முக்குளித்து, இடிந்த கோயிலின் தூண்களைப் பார்த்தார்கள். திரும்பக் கட்டிய கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு. நாற்பது நிமிஷக்காரர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவருக்கு ஏது நேரம்?

கோட்டைக்குள் புள்ளிமான்கள் நாய்க்குட்டிகள் மாதிரி சுற்றுகின்றன. ஒரு மான் என் கைப்பைக்குள் மூக்கை விட்டு, அம்பாளுக்கு வாங்கிய பூவைப் பாதி தின்றுவிட்டது. நான் கத்தினேன். அவள் சிரித்தாள். நேற்று மதியத்துக்குப் பிறகு அவள் குரலை அப்போதுதான் கேட்டேன்.

இராவணன் வாளால் வெட்டியது என்று சொல்லும் பாறைப் பிளவு, இராவணன் வெட்டு. அதற்குப் பக்கத்தில், கீழே கடல் தெரிகிற இடத்தில் நின்றோம். பாறை செங்குத்தாக இறங்குகிறது. அலை மோதுகிற சத்தம் மேலே வரத் தாமதமாகிறது. கிழக்கில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவள் சுருதிப்பெட்டிக்குப் பதிலாகக் கைப்பேசியைத் தரையில் வைத்து, மெல்ல எடுத்தாள். காற்று பக்கத்தைப் புரட்டியது. நான் இரண்டு கட்டைவிரலாலும் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்ற இடம் வந்தபோது கீழே கடல் அதையேதான் செய்துகொண்டிருந்தது. இந்தக் கடலைப் பார்க்காமலே இதை எப்படிப் பாடினார் மனுஷன்?

'தாயினும் நல்ல தலைவர்' என்று எடுத்தவள் அடுத்த அடியில் நின்றுவிட்டாள். முப்பது வருஷப் பாடம். மறக்கவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. நான் பார்த்துப் படித்தேன். எனக்குச் சந்தி பிரிக்கத் தெரியாது, தப்பும் தவறுமாகத்தான் படித்தேன். அவள் என் தப்பைத் திருத்திக்கொண்டே மறுபடி ராகத்துக்குள் போய்விட்டாள். வெட்டுக்கு எதிரிலேயே நின்று, பதிகத்தில் இராவணனைச் சொல்லும் பாட்டையும் பாடினாள். பதிகத்தின் கடைசிப் பாட்டான கடைக்காப்புக்கு வருமுன் கோயில் மணி அடித்தது.

உள்ளே ஓடினோம். என் காலோடு அதை ஓட்டம் என்று சொல்லலாமோ, தெரியாது. கோணேசருக்கு தீபாராதனை. மாதுமை அம்பாள் சன்னதியில் மான் தின்றது போக மிச்சமிருந்த பூவைக் கொடுத்தேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். எனக்கு அவளுடையது தெரிந்திருந்தது, அவளுக்கு என்னுடையது தெரியவில்லை. இனிமேல் அவளிடம் சொல்லிக்காட்ட எனக்கு ஒன்று கிடைத்தது.

வெளியே வந்தபோது வாசலில் இரண்டு பஸ். ஒரே நிறத் தொப்பிகள். ஒரு யாழ்ப்பாணத்து அம்மா எங்கள் பக்கத்தில் வந்து, "ரெண்டு பேர் மட்டுமோ வந்தனீங்கள்? பயமில்லையோ?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் யாரோ விசில் ஊதினார்கள். அவர் பிரசாதத்தைக் கையில் பொத்திக்கொண்டு விரைந்தார்.

என் முழங்கால் துடித்தது. உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடிக்கலாம் என்று கடைப்பக்கம் திரும்பினேன்.

"கடைக்காப்பு பாக்கி இருக்குடி" என்றாள்.

"வெயில் ஏறிடுச்சே. உன் பூபாளம்?"

"கெடக்கு. நீ புஸ்தகத்தைப் பிடி."

பாறை சுடத் தொடங்கியிருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு பக்கத்தைத் தேடினேன்.