குதிரை வண்டி அளந்த ஊர்கள்

கனடாவின் சஸ்காட்செவனில் பழைய ரயில் பாதையை ஒட்டிப் போனால் எட்டு, பத்து மைலுக்கு ஒரு சிற்றூர் வரும். ஆறு குளம் பார்த்து அமைந்தவை அல்ல. கோதுமை ஏற்றிய குதிரை வண்டி காலையில் கிளம்பி, சரக்கை இறக்கிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அந்தத் தூரம்தான் கணக்கு. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் ரயில் கம்பெனி பெயருக்குக்கூட மெனக்கெடவில்லை; ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டூனா, ஜாஸ்மின், கெலிஹர் என்று ஆங்கில அகரவரிசையில் வைத்துக்கொண்டே போனது.

இந்த ஊர்களில் எல்லாவற்றையும்விட உயரமாக நின்றது மரத்தாலான தானிய எலிவேட்டர்; விவசாயிகளின் தானியத்தை வாங்கிச் சேமித்து ரயிலில் ஏற்றிவிடும் கோபுரக் கிடங்கு. பலகைகளைப் படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்த சுவர் அது. நிமிர்த்தி வைத்தால் கோதுமையின் அழுத்தத்தில் பலகை பிதுங்கிவிடும். வண்டி சாய்தளம் ஏறி எடைமேடையில் நிற்கும். தானியம் கீழே குழியில் விழும். காலி வண்டியை மறுபடி எடைபோட்டுக் கழிப்பார்கள். புஷல் என்ற தானிய அளவில்தான் கணக்கு; ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு. ஒரு கைப்பிடி தானியத்தை மாதிரிக்கு எடுத்துச் சலித்து, களைவிதைக்கும் குப்பைக்கும் எடை கழிப்பதும் எலிவேட்டரை நடத்தும் ஏஜென்ட்தான். ஊர்ச் சண்டைகளில் பாதி இந்தச் சல்லடையிலிருந்து கிளம்பியிருக்கும்.

குழியிலிருந்து தானியத்தை உச்சிக்குக் கொண்டுபோவது தகரக் கிண்ணங்கள் வரிசையாகப் பொருத்திய பெல்ட். வேலையின் சூட்சுமம் இங்கேதான். அவசரப்பட்டுக் குழியின் கதவை அகலத் திறந்தால் அடிப்பக்கம் தானியம் அடைத்துக்கொள்ளும். பெல்ட் நிற்கும், மேலே உருளை மட்டும் சுற்றும். உராய்வில் சூடேறினால் தீதான்; சுற்றிலும் தூசி, காய்ந்த மரம். உச்சி பேரிங்குக்கு எண்ணெய் விடாமல் போனாலும் இதே கதிதான். பெல்ட்டை ஓட்டும் இன்ஜினையும் அலுவலக அடுப்பையும் தனிக்கொட்டகையில் வைத்தது இதற்காகவே. ஈரக் கோதுமை வேறு வகை எதிரி. 14.5 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால், எலிவேட்டரின் சேமிப்புத் தொட்டிக்குள் தானாகவே சூடேறிப் புளித்த வாடை அடிக்கும். அப்போது ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஆறவைக்க வேண்டும். அதற்காகவே ஒரு தொட்டியைக் காலியாக விடுவது புத்திசாலித்தனம். அறுவடை நெரிசலில் யார் விட்டார்கள்?

1930களில் சஸ்காட்செவன் உள்ளிட்ட பிரெய்ரி (புல்வெளி) மாகாணங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் நின்றன. லாரி வந்ததும் எட்டு மைல் கணக்கு பொருளிழந்தது. ஆனாலும் 1897-இல் தொடங்கிய சலுகை ரயில் கட்டணம் கிளைப்பாதைகளை வெகுகாலம் தாங்கிப்பிடித்தது. 1995-இல் அதுவும் போனது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, தானியம் தொலைவிலுள்ள பெரிய கான்கிரீட் முனையங்களுக்குப் போனது. மனிடோபாவின் இங்லிஸில் மட்டும் ஐந்து மர எலிவேட்டர்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. மற்ற பல ஊர்களில் எலிவேட்டரோடு அது கட்டிவந்த சொத்து வரியும் போனது. தண்ணீர்க் குழாய்ச் செலவும் பனி அள்ளும் செலவும் மட்டும் பழையபடியே.